வெள்ளிவாய்ச் சுரங்கத்தைக் குள்ளர்கள் ஏன் கைவிட்டார்கள்?

விளக்கேந்தி எழுதியது:

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் விளையாடி வரும் கேம்பெயினில் (கதாபாத்திரங்களாக நடித்துப் பல அமர்வுகளாகத் தொடரும் கற்பனைக் கதை விளையாட்டில்), கடந்த நான்கு அமர்வுகளாக வெள்ளிவாய் என்ற பழைய சுரங்கத்துக்குள் இருக்கிறோம். அதைத் தோண்டியவர்கள் குள்ளர்கள் என்ற கற்பனை இனத்தார். அது ஏன் கைவிடப்பட்டது என்பதைச் சரியாகக் கண்டு சொன்னால், அந்தக் குலத்தின் வழித்தோன்றல்கள் எங்களுக்குத் துணை நிற்பதாக வாக்களித்திருக்கிறார்கள். தவறாகச் சொன்னால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது என்று கதையை அமைத்து நடத்தும் கேம் மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர் எதையும் வெறும் அலங்காரத்துக்காக வைப்பவர் அல்லர். சுவரில் ஒரு கீறல் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆகையால் நாங்கள் பார்த்தவற்றை இயன்றவரை முழுமையாக எழுதுகிறேன்.

பெருவாயில் உடைக்கப்படவில்லை. வெளிப்புறத்திலிருந்து கல்லும் சாந்தும் வைத்து, அவசரமின்றி, நேர்த்தியாக அடைக்கப்பட்டிருந்தது. எழுத்து எதுவும் இல்லை. நாங்கள் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் குடைந்த ஒரு பக்கத் துளை வழியாகவே உள்ளே நுழைந்தோம். மேல் மூன்று தளங்களும் துடைத்து வைத்ததுபோல் வெறுமையாக இருந்தன. கருவிகளை மாட்டும் ஆணிகள் இருந்தன, கருவிகள் இல்லை. கொல்லுப்பட்டறையில் பட்டடைக்கல்லைக்கூடப் பெயர்த்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அது நின்ற பள்ளம் மட்டும் இருந்தது.

நான்காம் தளத்தில் கூரை தொய்ந்திருந்தது. தாதுவை வெட்டும்போது கூரையைத் தாங்குவதற்காக விட்டுவைக்கும் பாறைத் தூண்கள் சில இடங்களில் இடுப்பளவு மெலிந்திருந்தன, சில இடங்களில் தூணே இல்லை. அந்தத் தளத்தின் கோடியில், கீழே இறங்கும் படிக்கட்டின் அருகில், ஒரே ஒரு குள்ளரின் எலும்புக்கூடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. காயத்தின் அடையாளம் இல்லை. பக்கத்தில் இருந்த விளக்கில் எண்ணெய் பாதி மிஞ்சி உறைந்திருந்தது. இடுப்பில் முனை மழுங்கிய சிறு கத்தி.

படிக்கட்டு கறுத்த நீருக்குள் இறங்கி மறைகிறது. படிச்சுவர் நெடுகிலும் கிடைமட்டக் கோடுகளும் அவற்றின் அருகே குள்ளர் எண்களும் இருக்கின்றன. அந்தச் சுவரின் படி ஒன்றைக் கேம் மாஸ்டர் தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார். அருகிலுள்ள செங்குத்துக் குழியில், அடுக்கடுக்காக நின்ற மரக்குழாய்ப் பம்புகளும், நீருக்குள் தொங்கும் ஓர் இரும்புச் சங்கிலியும் இருந்தன. சங்கிலி செம்பு நிறமாக இருந்ததாக அவர் சொன்னார். நீரில் அவ்வப்போது குமிழ்கள் எழுகின்றன.

ஆழத்தில் ஏதோ ஒன்று விழித்தெழுந்தது, குள்ளர்கள் ஓடிவிட்டார்கள், குமிழ் விடுவது அதுதான் என்பது என் குழுவினரின் முடிவு. ஓடுகிறவர்கள் பட்டடைக்கல்லைப் பெயர்த்து எடுத்துச் செல்வார்களா என்ற ஒரு கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது.

பாறைமொழி எழுதியது:

உங்கள் ஐயம் சரியானது. சுரங்கத் தொழிலோடு தொடர்புடைய படிப்பைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் விவரித்திருப்பது திட்டமிட்ட வெளியேற்றம். அதற்கு மிகப் பெரிய சான்று பட்டடைக்கல் அன்று, அந்தத் தூண்கள். தாங்கு தூண்களில் இருப்பதும் தாதுதான். சுரங்கம் நீடிக்க வேண்டும் என்று நினைக்கும்வரை யாரும் அதில் கை வைப்பதில்லை. இனி இங்கே திரும்புவதில்லை என்று முடிவான பிறகு, உள்ளேயிருந்து வாயிலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே, தூணையும் வெட்டி எடுத்துக்கொண்டு வெளியேறுவது உண்மையான சுரங்கங்களிலும் உள்ள வழக்கம். கூரை பிறகு விழுந்தால் விழட்டும் என்ற துணிவோடு செய்யும் வேலை அது. தூணை அளவுக்கு மீறி வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் ஃபாலுன் செம்புச் சுரங்கம் சாட்சி: 1687-ஆம் ஆண்டு கோடை நடுநாள் விடுமுறையின்போது அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்து, இன்றும் பார்க்கக்கூடிய மாபெரும் பள்ளம் உண்டாயிற்று. விடுமுறையாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

ஆகவே கேள்வி, எது அவர்களைத் துரத்தியது என்பது அன்று. எது அவர்களுக்கு "இனி முடியாது" என்று உணர்த்தியது என்பதே. என் பதில் நீர். ஆழம் கூடக்கூடப் பாறையிலிருந்து நீர் ஊறிக்கொண்டே இருக்கும், அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உறிஞ்சும் பம்பு ஒன்றினால், காற்றழுத்தத்தின் எல்லை காரணமாக, ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரைத் தூக்கவே முடியாது. அதனால்தான் ஒரு பம்பு ஒரு தொட்டியில் ஊற்ற, அதிலிருந்து அடுத்த பம்பு மேலே எடுக்க, இப்படி அடுக்கடுக்காக நிறுத்துவார்கள். நீங்கள் பார்த்த வரிசை அதுதான். ஆனால் பத்துப் பம்புகளில் ஒன்று நின்றாலும் கீழே உள்ள அத்தனையும் வீணாகிவிடும். நியூகாமனின் நீராவி எஞ்சின் 1712-இல் நீர் இறைக்க வந்ததுவரை, நம் உலகத்தில் எத்தனையோ சுரங்கங்களின் ஆழத்தைத் தீர்மானித்தது தாது தீர்ந்துபோனதன்று, நீரை வெல்ல முடியாமல் போனதுதான்.

எனக்கு மூன்று செய்திகள் வேண்டும். பம்புகளை இயக்கியது எது? பாறை எல்லாத் தளங்களிலும் ஒரே வகையா? சங்கிலி முழுவதும் செம்பு நிறமா, ஒரு பகுதி மட்டுமா? மூன்றாவதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

மூன்றாம் பகடை எழுதியது:

நான் பல ஆண்டுகளாகக் கேம்பெயின் நடத்தி வருகிறேன். பாறைமொழி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

கைவிடப்பட்ட இடம் ஒன்றை அமைக்கும்போது நாங்கள் மூன்று காலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம்: கட்டியவர்களின் காலம், போனவர்களின் காலம், பிறகு குடியேறியவர்களின் காலம். விளையாடுபவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை இரண்டாவதின் மேல் ஏற்றிவிடுவார்கள். இப்போது அங்கே இருப்பதுதான் அன்று அவர்களை விரட்டியது என்று எண்ணுவார்கள். கோப்ளின்கள் பக்கத்தில் துளை போட்டு வந்தவை. அடைத்த பெருவாயிலை அவை தொடவே இல்லை. ஆகவே அவை வந்தபோது வாயில் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. நீருக்குள் ஏதேனும் உயிர் இருந்தாலும் அதற்கும் இதே விதியைப் பொருத்திப் பாருங்கள்.

என் மனம் தங்குவது அந்த ஒருவரிடம். சுரங்கம் வெளியிலிருந்து அடைக்கப்பட்டது, உள்ளே ஒருவர் இருந்தார். எல்லாக் கருவிகளையும் கணக்காக எண்ணி எடுத்துச் சென்ற மக்கள், ஓர் ஆளை எண்ணாமல் விட்டுவிட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர் அங்கே இருப்பது தெரிந்தே அடைத்திருக்க வேண்டும். அது தண்டனையா, அவரே விரும்பிக் கேட்டுக்கொண்டதா என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். குள்ளர்கள் எல்லாவற்றையும் கல்லில் பொறிக்கும் இனம். அவர்கள் வாயிலில் ஒரு சொல்கூட எழுதாமல் போனது துக்கத்தினாலா, வெட்கத்தினாலா? வழித்தோன்றல்கள் கேட்கும் "காரணம்" நீரின் கணக்காக மட்டும் இருக்காது. அந்தக் கோடுகளை நன்றாகப் பாருங்கள். எல்லாம் ஒரே கை வெட்டியவைதானா?

விளக்கேந்தி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு கேம் மாஸ்டரிடம் எங்கள் கதாபாத்திரங்கள் ஏற்கெனவே கண்ணால் கண்டவற்றை மட்டும் மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பம்புகளை இயக்கியது முதல் தளத்திலுள்ள ஒரு நீர்ச்சக்கரம். மலைமேலிருந்து ஓடைநீரைக் கொண்டுவந்த கல்வாய்க்கால் எலும்புபோல் உலர்ந்து கிடக்கிறது. முதல் அமர்வில் அந்த ஓடையின் தடத்தை மலைமேல் பார்த்திருக்கிறோம். அது ஒரு வட்டமான பெரிய பள்ளத்தில் போய் முடிகிறது, அதற்குப் பிறகு தடமே இல்லை. அப்போது அதை ஏதோ ஒரு பழைய போரின் தடயம் என்று எழுதி வைத்துவிட்டோம். பாறையைப் பொறுத்தவரை, மேல் தளங்கள் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். நான்காம் தளத்தின் தரைக்குச் சற்றுக் கீழே, படிக்கட்டின் பாதியில், கறுத்த கடினப் பாறை தொடங்குகிறது, அதில் பித்தளை நிறப் பளபளப்பு உண்டு.

சங்கிலி மூன்று நிறமாக இருக்கிறது. நீருக்குள் கண்ணுக்குத் தெரியும் பகுதி செக்கச் சிவந்த செம்பு. நீருக்குமேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பச்சைக் களிம்பு. அதற்கும் மேலே சாதாரண இரும்புத் துரு. நான் "செம்பு நிறம்" என்று பொதுவாக எழுதியது என் தவறு.

கோடுகளும் ஒரே கையால் வெட்டியவை அல்ல. நீருக்கு அருகிலுள்ளவை அகலமான உளியால் ஆழமாக வெட்டப்பட்டவை. மேலே போகப்போக இடைவெளி குறைகிறது. கடைசிப் பதினொன்றும் உளியால் வெட்டியவை அல்ல, மெல்லிய கீறல்கள். அவற்றுக்கு மட்டும் ஒன்றிலிருந்து புதிதாக எண் தொடங்குகிறது.

கல்வெட்டு வாசகன் எழுதியது:

இந்த உரையாடலைப் படித்ததும் எனக்கு ஜெர்மானிய அறிஞர் ஜியார்ஜியஸ் அக்ரிகோலா நினைவுக்கு வந்தார். அவர் சுரங்கத் தொழிலைப் பற்றி எழுதிய பெருநூல் 1556-இல், அவர் மறைந்த மறு ஆண்டு, வெளிவந்தது. சுரங்கங்கள் கைவிடப்படுவதற்கு ஏழு காரணங்களை அவர் அதில் கூறுகிறார்: தாது கிடைக்காமை, நீரின் பெருக்கு, கெட்ட காற்று, சுரங்கத்தில் உண்டாகும் நஞ்சு, கொடிய பூதங்கள், தாங்குதல்கள் தளர்ந்து இடிதல், போர். பூதங்களை அவர் மெய்யாகவே நம்பிப் பட்டியலில் வைத்தார். அக்காலச் சுரங்கத் தொழிலாளர்களும் நம்பினார்கள். வெள்ளி போலத் தோன்றி, உருக்கினால் நச்சுப்புகை மட்டுமே தந்த தாதுவைக் கோபோல்டு என்ற குறும்புப் பூதத்தின் வேலை என்றார்கள், கோபால்ட் என்ற உலோகப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட ஒரு காலத்தின் பட்டியலிலேயே ஏழில் ஒன்றுதான் பூதம். உங்கள் குழுவினர் முதலிலேயே அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிவாயில் நான் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்திருப்பதைக் காண்கிறேன். அரைவாசி எண்ணெயோடு அணைந்த விளக்கு, காயமில்லாத உடல், உட்கார்ந்த நிலை ஆகிய மூன்றும் கெட்ட காற்றைத்தான் சுட்டுகின்றன. விளக்கு எரியாத காற்றில் மனிதர் சோர்ந்து உட்காருவார், பிறகு எழமாட்டார். அவர் நீரில் மூழ்கியிருக்கவில்லை என்பதும் உறுதி என்றே நினைக்கிறேன். பாறைமொழி குறிப்பிட்ட அதே ஃபாலுனில், 1677-இல் காணாமற்போன ஒரு தொழிலாளியின் உடல் 1719-இல் நீர் நிறைந்த சுரங்கப் பகுதியில் கிடைத்தபோது, துத்தம் என்ற உலோக உப்புக் கலந்த நீர் அதைக் கெடாமல் வைத்திருந்தது. ஒரு காலத்தில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், முதுமையில் வந்து அந்த இளமை மாறாத முகத்தை அடையாளம் காட்டினார். உங்கள் குள்ளரோ எலும்பாகிவிட்டார். நீர் அவர் உட்கார்ந்த இடம்வரை ஏறவே இல்லை.

அக்ரிகோலா இன்னொன்றும் சொல்கிறார். முன்னோர் ஏன் விட்டுச் சென்றார்கள் என்பது உறுதியாகத் தெரியாதவரை பழைய குழியைத் தூர்வாரக் கூடாது. பயன் தரக்கூடிய சுரங்கத்தை விட்டுப்போகும் அளவுக்கு அவர்கள் சோம்பேறிகளாக இருந்தார்கள் என்று நாம் எண்ணலாகாது என்கிறார். வழித்தோன்றல்கள் உங்களிடம் காரணம் கேட்பது இந்த மரியாதையின் பொருட்டாகவும் இருக்கலாம்.

பாறைமொழி எழுதியது:

விளக்கேந்தி, அந்த வட்டப் பள்ளம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சுண்ணாம்புக்கல் நிலத்தில், பூமிக்கடியில் உள்ள குகைகளும் பிளவுகளும் நீரால் நிறைந்திருக்கும்வரை அந்த நீரும் மேலுள்ள மண்ணைத் தாங்கிக்கொண்டிருக்கும். கீழே ஒரு சுரங்கம் ஆண்டுக்கணக்காக நீரை இறைத்தால் நிலத்தடி நீர்மட்டம் தாழும், தாங்குதல் போகும், ஒரு நாள் தரை உள்வாங்கிப் புதைகுழி உண்டாகும். உங்கள் ஓடை அதற்குள் விழுந்திருக்கிறது. குள்ளர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்: சக்கரத்தைச் சுற்றிய அதே நீர் ஒரே நாளில் சக்கரத்தை விட்டு விலகிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. இறைக்கும் ஆற்றலும் போயிற்று, இறைக்க வேண்டிய அளவும் பெருகிற்று. அவர்கள் ஆழமாகப் போனதும் திறமையாக இறைத்ததுமே அந்தப் பள்ளத்தை உண்டாக்கின. மூன்றாம் பகடை கேட்ட வெட்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பித்தளை நிறப் பளபளப்பு பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக, இருக்க வேண்டும். காற்றும் நீரும் பட்டால் அது அமில நீரை உண்டாக்கும். அந்த நீர் தாதுவிலுள்ள செம்பைக் கரைத்து மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலாக மாறும். அதில் தொங்கும் இரும்பின் மேல் செம்பு படியும். அந்த அமில நீர் ஏறி வந்து சுண்ணாம்புக்கல்லைத் தொட்ட இடத்தில் கரியமில வாயு நுரைத்து எழுந்திருக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். இறந்தவர் உட்கார்ந்திருந்த இடம் அந்த எல்லைக்கு நேர் மேலே. இப்போதும் குமிழ் விடுவது ஒரு மிருகம் என்பதைவிட வாயு என்பதே பொருத்தம். இத்தகைய நீரில் மீன்கூட வாழாது. அடுத்த அமர்வில் விளக்கை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு நடப்பதாகக் கேம் மாஸ்டரிடம் சொல்லுங்கள். சுடர் மங்கினால் உடனே திரும்புங்கள்.

ஆனால் சங்கிலி எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. பச்சைக் களிம்பு படிந்த பகுதி இன்று நீருக்கு வெளியே இருக்கிறது. செம்பு அங்கே படிய வேண்டுமானால் அது ஒரு காலத்தில் நீருக்குள் இருந்திருக்க வேண்டும். அதாவது நீர் இன்று நிற்கும் மட்டத்தைவிட ஓர் ஆள் உயரம் மேலே ஏறி, பிறகு இறங்கியிருக்கிறது. தானாக எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த உயரமும் கடைசிக் கோட்டின் உயரமும் ஒன்றுதானா?

மூன்றாம் பகடை எழுதியது:

அப்படியானால் கடைசிப் பதினொரு கீறல்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உளிகள் எல்லாம் வண்டியேறிப் போன பிறகு, சிறு கத்தியால் கீறியவை அவை. முனை மழுங்கிய கத்தி அவருடைய இடுப்பில்தான் இருந்தது. வாயில் அடைக்கப்பட்ட பிறகும் அவர் ஒவ்வொரு நாளாக நீரை அளந்துகொண்டிருந்தார். தண்டிக்கப்பட்டவர் அளக்க மாட்டார். என்றாவது திரும்பி வர முடியுமா என்று தன் குலத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் அளப்பார். இதை நான் ஊகமாகவே சொல்கிறேன், ஆனாலும் உங்கள் கேம் மாஸ்டர் வைத்த கத்திக்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. கீறல்களை மறுபடியும் வரிசையாகப் பாருங்கள்.

விளக்கேந்தி எழுதியது:

தாளை எடுத்து மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சங்கிலியில் களிம்பு முடியும் உயரமும் மிக உயர்ந்த கீறலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த மிக உயர்ந்த கீறல் பதினொன்றாவது அன்று, பத்தாவது. ஒன்பதாவது அதற்கு ஒரு நூலளவு கீழே. பதினொன்றாவது, பத்துக்கும் ஒன்பதுக்கும் கீழே, ஏறத்தாழ ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கிறது. மற்றவற்றைவிட அழுத்தமாக, இரண்டு முறை கீறியதுபோல் தெரிகிறது. கேம் மாஸ்டர் வரையும்போது கை தவறிவிட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

அவர் நீர் இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டார். அடுத்த அமர்வில் வழித்தோன்றல்களிடம் நான் முதலில் காட்டப்போவது இந்தத் தாளைத்தான்.